எல்லையோரத்தில் ஆவணப்படம் எடுத்து வாழ்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாளையாறில் தொடங்கி வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாகக் கோவிந்தாபுரம் வரைக்கும், பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் தமிழ் பேசும் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. இந்த ஊர்களில் ஆவணப்படம் திரையிடும்போதெல்லாம், படம் முடிந்ததும் இளைஞர்கள் வந்து கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. இதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் அவற்றுக்கான விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன். சினிமாவுக்குள் நுழைய ஆவணப்படத்தை ஒரு படிக்கட்டாக நினைப்பவர்களுக்கு இதனால் பெரிய பயன் இருக்காது. தன் ஊரைப் பற்றித் தானே படம் எடுக்க விரும்புகிறவர்களுக்காக இது எழுதப்பட்டது.

செய்திக்காரர் எடுப்பதற்கும் ஆவணப்படக்காரர் எடுப்பதற்கும் என்ன வேறுபாடு?

நேரம்தான் முதல் வேறுபாடு. செய்தி அன்றைக்கே போய்ச் சேர வேண்டும். ஆவணப்படத்துக்கு அந்த அவசரம் இல்லை, இருக்கவும் கூடாது. நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் பிளாச்சிமடையை எடுத்துக்கொள்ளுங்கள். பெருமாட்டி ஊராட்சியில் 2000ஆம் ஆண்டில் ஒரு பன்னாட்டுக் குளிர்பான ஆலை இயங்கத் தொடங்கியது. கிணற்று நீர் கெட்டுப்போய்விட்டது, நீர்மட்டம் இறங்கிவிட்டது என்று சொல்லி, 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலில் ஆதிவாசி மக்கள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். இரவாளர் சமூகத்தைச் சேர்ந்த மயிலம்மா அதன் முகமாக விளங்கினார். 2004இல் ஆலை நின்றுபோனது. பெரிய தலைவர்கள் வந்த நாட்களிலும் தீர்ப்பு வந்த நாட்களிலும் தொலைக்காட்சி வண்டிகள் வரிசையாக நின்றன. ஆனால் அந்தப் போராட்டப் பந்தலுக்கு யாரும் வராத நாட்கள்தான் அதிகம். கூலி வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்த பெண்களின் வீட்டில் அன்றைக்கு என்ன சமைத்தார்கள், தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடந்தார்கள் என்பதெல்லாம் அந்த நாட்களுக்குள்தான் இருக்கிறது. அங்கே கேமராவோடு இருப்பவரே ஆவணப்படக்காரர்.

ஆலை மூடிய பிறகும் அந்த ஊரின் கதை முடியவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்கத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைக் கேரளச் சட்டமன்றம் 2011இல் நிறைவேற்றியும் அது நடைமுறைக்கு வரவில்லை. செய்திக்கு இது பழைய விஷயம். ஆவணப்படத்துக்கு இதுதான் இரண்டாவது பாகம்.

நமக்கு முன்னால் இந்த வழியில் போனவர்கள் யார்?

தமிழில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் ஏ.கே.செட்டியார். ஜப்பானிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை பயின்ற அவருக்கு, 1937இல் கப்பல் பயணம் ஒன்றில் காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் தோன்றியது. பிறகு நாடு நாடாகச் சென்று, வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு காலங்களில் எடுத்துவைத்திருந்த காந்தியின் படச்சுருள்களைத் தேடிச் சேர்த்துத் தமிழ் வருணனையோடு 1940இல் வெளியிட்டார். அரசின் படப்பிரிவான பிலிம்ஸ் டிவிஷன் தொடங்கப்பட்டது 1948இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், அரசு ஆதரவோ பெரிய நிறுவனமோ பின்னால் இல்லாத ஒரு தமிழர் எவ்வளவு முன்னால் நடந்திருக்கிறார் என்பது விளங்கும். படம் எடுப்பதில் பாதி தேடுவது என்பதை நான் அவரிடமிருந்தே கற்றுக்கொண்டேன்.

மலையாளத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவர்கள் இருவர். ஒருவர் ஜான் ஆபிரகாம். அவர் எடுத்தவை பெரும்பாலும் கதைப்படங்கள். அதில் 1977இல் வந்த ஒன்று தமிழ்ப் படம். ஆனால் கோழிக்கோட்டில் 1984இல் அவரும் நண்பர்களும் தொடங்கிய ஒடேசா இயக்கம் ஆவணப்படக்காரர்களுக்கு ஒரு பெரிய பாடம். ஊர் ஊராகப் படம் காட்டி, பொதுமக்களிடம் சிறுதொகைகளாகத் திரட்டி, அந்தப் பணத்தில் 1986இல் படம் எடுத்து, மறுபடி அதே மக்களிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். அடுத்த ஆண்டே ஜான் இறந்துவிட்டாலும் அந்த வழி இன்னும் திறந்தே இருக்கிறது.

இன்னொருவர் சி.சரத்சந்திரன். சாலியாற்று மாசையும் பிளாச்சிமடைப் போராட்டத்தையும் பி.பாபுராஜோடு சேர்ந்து படமாக்கியவர். தான் எடுத்த படத்தையும் பிறர் எடுத்த படங்களையும் புரொஜெக்டரோடு சுமந்துகொண்டு கேரளமெங்கும் திரையிட்டவர். 2010இல் ரயிலிலிருந்து விழுந்து இறந்தார். எங்கள் பகுதியைப் பற்றி அவர் அளவுக்குப் பொறுமையோடு படம் எடுத்த வேறொருவரை நான் சொல்ல முடியாது.

இதற்கெனப் படித்துத்தான் ஆக வேண்டுமா?

கட்டாயம் இல்லை, படித்தால் நல்லது. புனே, கொல்கத்தா ஆகிய ஊர்களில் மத்திய அரசின் திரைப்படக் கல்லூரிகளும், சென்னைத் தரமணியில் தமிழ்நாடு அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனமும், கோட்டயம் மாவட்டத்தில் கே.ஆர்.நாராயணன் பெயரிலான நிறுவனமும் இருக்கின்றன. அங்கே கிடைக்கும் பெரிய சொத்து உடன்படிக்கும் நண்பர்கள். பிற்காலத்தில் உங்களுக்கு ஒலிப்பதிவாளரும் படத்தொகுப்பாளரும் அவர்களிலிருந்தே கிடைப்பார்கள். அங்கே போக வழியில்லாதவர்கள் ஏதாவது ஒரு படத்தொகுப்பாளரிடம் உதவியாளராகச் சேர்ந்தால், எடுத்த காட்சிகளில் எது பயன்படாமல் போகிறது, ஏன் போகிறது என்பதைக் கண்ணால் பார்த்தே கற்றுக்கொள்ளலாம்.

இரண்டு மொழி தெரிவது உண்மையிலேயே உதவுமா?

உதவும், ஆனால் அதைக் கையாளத் தெரிய வேண்டும். இந்தப் பகுதியில் நிலப்பத்திரமும் ஊராட்சி நோட்டீசும் மலையாளத்தில் இருக்கும். வீட்டில் பேச்சு தமிழில் இருக்கும். அலுவலகத்தில் போய் நின்றால் அதே ஆள் மலையாளத்தில் பேசுவார். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் பகுதிகளில் மாநில அரசோடு தங்கள் மொழியிலேயே எழுதிப் பேசலாம் என்று 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. அப்படி இருந்தும், அதிகாரத்தின் முன்னால் நிற்கிறோம் என்ற நினைப்பு வந்தவுடன் நாக்கு தானாகவே மலையாளத்துக்கு மாறிவிடுகிறது. கேமராவும் ஓர் அதிகாரம்தான்.

முதலமடைப் பக்கம் ஒரு மாந்தோப்பில் கூலி வேலை செய்யும் வயதான அம்மா ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். கேமரா ஓடிய நேரமெல்லாம், பஞ்சாயத்து உறுப்பினரிடம் மனு கொடுப்பதுபோல அளந்து அளந்து மலையாளத்தில் பேசினார். கூலி எவ்வளவு, ரேஷன் எப்படி என்று கேட்டதற்கெல்லாம் ஒரே வரியில் பதில். மருந்து அடிக்கும் நாட்களைப் பற்றிக் கேட்டபோது சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கண்ணு, அதெல்லாம் இந்தப் பொட்டிக்கு முன்னால வேண்டாம், சாயந்திரம் வீட்டுக்கு வா, சொல்றேன்" என்று தமிழில் சொன்னார். வீட்டுக்குப் போனபோது கேமராவை எடுக்கவில்லை. அந்தப் பேச்சு படத்தில் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு இல்லாவிட்டால் படத்தில் எதைக் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தெரிந்திருக்காது.

ஆகவே எந்த மொழியில் பேசுவது என்பதைப் பேசுகிறவரே தீர்மானிக்கட்டும். நடுவில் அவர் மொழி மாறினால் அந்த மாற்றத்தை வெட்டி எறியாதீர்கள். எங்கே மாறினார் என்பதே ஒரு தகவல்.

படம் எடுக்க மக்கள் ஏன் சம்மதிக்க வேண்டும்? சம்மதத்தை எப்படிப் பெறுவது?

அவர்கள் சம்மதிக்க வேண்டிய அவசியமே இல்லை. இதை முதலில் ஏற்றுக்கொண்டால்தான் மற்றதெல்லாம் ஒழுங்காக நடக்கும்.

கையெழுத்து வாங்கும் படிவம் தேவைதான். விழாக்களும் ஒளிபரப்பு நிறுவனங்களும் அதைக் கேட்கும். ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளில் கைநாட்டு வாங்கி வைத்துக்கொண்டு சம்மதம் கிடைத்துவிட்டது என்று நம்புகிறவர்களும் உண்டு. அது சம்மதம் ஆகாது. படிவம் தமிழிலோ மலையாளத்திலோ இருக்க வேண்டும், வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும், படம் எங்கெல்லாம் காட்டப்படும் என்பதையும் இணையத்தில் போட்டால் சொந்தக்காரர்களும் முதலாளியும்கூடப் பார்ப்பார்கள் என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். படத்தொகுப்பு முடிந்ததும், அவர் பேசியிருக்கும் பகுதிகளை மட்டும் அவருக்குப் போட்டுக்காட்டி இரண்டாம் முறையும் கேட்க வேண்டும். அந்த இரண்டாவது சம்மதம்தான் உண்மையானது என்பது என் உறுதியான கருத்து. தான் பேசியது எதன் பக்கத்தில் எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரியவரும்.

துயரம் நடந்த இடங்களில் இன்னும் கவனம் வேண்டும். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து தேயிலைத் தோட்டத்து லயங்களை (தொழிலாளர்களின் வரிசை வீடுகளை) மூடியதில் 70 பேர் இறந்தார்கள். அவர்கள் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அப்படிப்பட்ட இடத்தில் முதல் வாரத்தில் கேமராவோடு போய் நிற்கும் உரிமை செய்தியாளருக்கு இருக்கலாம், ஆவணப்படக்காரருக்கு இல்லை. கூட்டமெல்லாம் போன பிறகு, மாற்று வீடு கிடைத்ததா, பிள்ளைகளின் படிப்பு என்ன ஆயிற்று என்று கேட்க ஆளில்லாத காலத்தில் போவதே நம் வேலை.

குழந்தைகள் விஷயத்தில் சட்டம் கறாராக இருக்கிறது. பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் பெயர், முகம், வீடு, பள்ளி, குடும்பம் என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவதை 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு தடுக்கிறது. முகத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டு வீட்டு வாசலைக் காட்டினாலும் அது அடையாளம் காட்டுவதுதான். சின்ன ஊர்களில் ஒரு வேப்பமரமே போதும்.

எந்தக் கேமரா வாங்கலாம்?

நண்பரிடம் இருப்பது எதுவோ அது. இன்றைக்கு நடுத்தர விலையுள்ள மிரர்லெஸ் கேமரா எதுவும் ஆவணப்படத்துக்குப் போதும். பங்குனி, சித்திரையில் பாலக்காட்டுப் பக்கம் வெப்பம் 40 டிகிரியைத் தொடுவதும் தாண்டுவதும் உண்டு என்பதால், சூடேறி நின்றுபோகாத கேமராவாகப் பார்த்துக்கொள்ளுங்கள், உச்சி வெயிலில் அதை வேட்டித் துணியால் மூடி வையுங்கள். கேமராவுக்கு ஒதுக்க நினைத்த பணத்தில் பாதியை ஒலிக்கருவிகளுக்கு மாற்றிவிடுங்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்லும் ஆலோசனை.

ஒலிக்கு ஏன் அவ்வளவு முக்கியத்துவம்?

மங்கலான காட்சியை மக்கள் பொறுத்துக்கொள்வார்கள், புரியாத பேச்சைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். அதிலும் நாம் இருப்பது பாலக்காட்டுக் கணவாயின் வாயில். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்திருக்கும் இந்த இடைவெளி வழியாக, தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்தும் மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்தும் காற்று நெருக்கியடித்துக்கொண்டு வருகிறது. ஆடி மாதத்தில் தென்னந்தோப்புக்குள் நின்று ஒருவரைப் பேசவைத்துப் பதிவு செய்தால், ஓலைகள் உரசும் சத்தம் மழைபோல விழுந்து பேச்சை மூடிவிடும். மைக்கின் மேல் போடும் பஞ்சு உறை இங்கே போதாது. நீண்ட ரோமம் உள்ள உறைதான் வேண்டும். அதுவும் போதாத நாட்களில் பேச்சைச் சுவர் மறைவுக்கோ மாட்டுக்கொட்டகைக்குள்ளோ மாற்றிக்கொள்ள வேண்டும்.

சட்டையில் குத்தும் சிறிய லேப்பல் மைக்கை நெஞ்சருகே வெளியில் வைக்காமல் துணியின் மடிப்புக்குள் வைத்தால் காற்று குறையும், ஆனால் துணி உரசும் ஒலி சேரும். மைக்குக்கு மேலும் கீழும் மருத்துவ டேப்பை ஒட்டினால் உரசல் நிற்கும். பெண்களுக்கு மைக் குத்தும்போது எப்படிச் செய்வதென்று சொல்லிக்கொடுத்துவிட்டு விலகி நில்லுங்கள். அவரோ அவர் வீட்டுப் பெண் ஒருவரோ அதைச் செய்துகொள்வார்கள். பேச்சு முடிந்த பிறகு அதே இடத்தில் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் வெறும் சூழல் ஒலியைப் பதிவு செய்யுங்கள். இரண்டு பேச்சுத் துண்டுகளை ஒட்டும்போது இடையில் விழும் பள்ளத்தை நிரப்ப அது தேவைப்படும்.

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத் தோப்புகளில் விடியற்காலையில் தென்னை உச்சியிலிருந்து பாளையைத் தட்டும் ஓசை வரும். கள் இறக்குகிறவர் ஒரே தாளத்தில் மெதுவாகச் சுற்றிச் சுற்றித் தட்டுவார், நிறுத்துவார், கத்தி சீவும் சத்தம் கேட்கும், மறுபடி தட்டுவார். கீழே நின்று அதைப் பதிவு செய்ய முடியாது. அவர் இடுப்பில் கருவி மாட்டியிருக்கும் பட்டையில் ஒரு சிறிய ரெக்கார்டரைக் கட்டிவிட வேண்டும். அவரது மூச்சு வாங்கலும் சேர்ந்தே பதிவாகும். அந்த மூச்சைக் கேட்ட பிறகு, அந்த வேலையின் கடினத்தை விளக்கும் பின்னணிக் குரல் படத்துக்குத் தேவைப்படாது.

காட்டிலும் அணைகளிலும் படம் எடுக்கலாமா?

அனுமதி இல்லாமல் கூடாது. பரம்பிக்குளத்தைப் பாருங்கள்: புலிகள் காப்பகம் கேரளத்தில் இருக்கிறது, ஆனால் சாலை வழியாகப் போக வேண்டுமென்றால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் என்று தமிழ்நாட்டின் ஆனைமலைக் காப்பகத்துக்குள் நுழைந்துதான் போக வேண்டும். பரம்பிக்குளம், தூணக்கடவு அணைகள் நிற்கும் மண் கேரளத்துடையது, அவற்றை இயக்குவது தமிழ்நாடு. அதனால் இரண்டு மாநில வனத்துறைக்கும், அணையைக் காட்ட விரும்பினால் நீர்வளத்துறைக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். சித்தூர்ப் புழையில் வரும் தண்ணீரைப் பற்றிப் படம் எடுக்க நினைக்கிறவர்கள், ஆண்டுக்கு 7.25 டிஎம்சி கேரளத்துக்குத் தர வேண்டும் என்ற பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தை முழுதாகப் படித்துவிட்டுப் போனால், இரண்டு பக்கத்து விவசாயிகளும் சொல்வதைச் சரியாகப் புரிந்துகொள்ளலாம். இரண்டு பக்கமும் போய்க் கேட்காமல் நீரைப் பற்றி யாரும் இங்கே படம் எடுக்கக் கூடாது என்பேன்.

ட்ரோன் விஷயத்தில், 250 கிராம் வரையுள்ள நானோ வகைக்கு ஓட்டுநர் சான்றிதழ் தேவையில்லை என்று 2021ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அதை வைத்துக்கொண்டு காட்டின் மேல் பறக்கவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

வருமானத்துக்கு என்ன வழி?

ஆவணப்படம் மட்டும் எடுத்துக் குடும்பம் நடத்துகிறவர்கள் மிகக் குறைவு. பலருக்கும் கல்யாண வீடியோ, தொண்டு நிறுவனங்களுக்கான குறும்படங்கள், பிறர் படத்துக்கு ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, சப்டைட்டில் எழுதுதல் ஆகியவைதான் சோறு போடுகின்றன. தமிழும் மலையாளமும் ஒன்றுபோலத் தெரிந்தவர்களுக்குச் சப்டைட்டில் வேலை நிச்சயம் கிடைக்கும். அதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை, நல்ல பயிற்சியும்கூட.

படத்துக்கு நல்கை கேட்கலாம். பெங்களூரிலுள்ள இந்தியக் கலை அறக்கட்டளை கலை, பண்பாட்டு ஆய்வுகளுக்கு நல்கை தருகிறது. 2000இல் தொடங்கிய பொதுச்சேவை ஒளிபரப்பு அறக்கட்டளை சுதந்திரமான ஆவணப்படங்களுக்குப் பல ஆண்டுகள் துணைநின்றது. பிலிம்ஸ் டிவிஷன் 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டதால் அரசுப் பணிகளை இனி அங்கேதான் விசாரிக்க வேண்டும். விண்ணப்பத்தில் 'சமூக மாற்றம்' என்றெல்லாம் எழுதுவதைவிட, யாரை, எந்த ஊரில், எந்தப் பருவத்தில், எவ்வளவு காலம் பின்தொடரப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். தேர்வாளர்கள் பார்ப்பது அதைத்தான்.

ஒரு கண்டிப்பு உண்டு. வழக்கில் அல்லது தகராறில் இருக்கும் எந்தத் தரப்பிடமும், நாம் ஆதரிக்கும் தரப்பாகவே இருந்தாலும், பணம் வாங்கக் கூடாது. வாங்கினால் அந்தப் படத்தில் பேசிய ஏழை மக்களின் சாட்சியம் முழுவதும் கூலிக்குச் சொன்னதாகிவிடும்.

பெண்கள் இத்தொழிலுக்கு வர முடியுமா?

வந்துகொண்டிருக்கிறார்கள், இன்னும் வர வேண்டும். 2015 செப்டம்பரில் மூணாறில் தோட்டத் தொழிலாளர் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களைத் தள்ளி வைத்துவிட்டுத் தாங்களே பெம்பிளை ஒருமை என்று திரண்டு, 20 சதவீதப் போனசுக்காகச் சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். அந்தப் போராட்டத்தின் உள்பேச்சு சாலையில் நடக்கவில்லை, லயத்து அடுப்படிகளில் நடந்தது. அங்கே உட்கார்ந்து கேட்கும் வாய்ப்பு ஓர் ஆணுக்குக் கிடைக்காது. குழுவில் பெண் இருந்தால் தங்குமிடம், கழிப்பறை, இரவுப் பயணம் ஆகியவற்றுக்கான செலவைத் திட்டச்செலவிலேயே முதலில் எழுத வேண்டும். கடைசியில் மீதியிருந்தால் பார்ப்போம் என்று விடும் குழுவில் யாரும் சேராதீர்கள்.

தணிக்கைச் சான்றிதழ் கட்டாயமா?

பொதுத் திரையிடலுக்கு 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி ஆவணப்படத்துக்கும் சான்றிதழ் வேண்டும். சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் தணிக்கை வாரியத்தின் மண்டல அலுவலகங்கள் இருக்கின்றன. மாடு, யானை என்று விலங்குகளைக் காட்டியிருந்தால் விலங்குநல வாரியத்தின் கடிதத்தையும் கேட்பார்கள். சந்தையில் தற்செயலாகப் பதிவான மாடுகளா, படத்துக்கென்று கொண்டுவரப்பட்டவையா என்பதை எழுத்தில் சொல்லத் தயாராக இருங்கள். 2023ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சான்றிதழ் 10 ஆண்டுகளோடு காலாவதி ஆவதில்லை.

விழாக்களில் மத்திய அரசின் விலக்கு பெற்றுச் சான்றிதழ் இல்லாமலே திரையிடலாம். அந்த விலக்கும் எப்போதும் எளிதாகக் கிடைத்துவிடாது. திருவனந்தபுரத்தில் கேரளச் சலச்சித்திர (திரைப்பட) அகாதமி நடத்தும் சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழாவில் 2017இல் 3 படங்களுக்கு விலக்கு மறுக்கப்பட்டது. 2019இல் ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தனின் படத்துக்கும் அதே சிக்கல் வந்து, கேரள உயர் நீதிமன்றம் அனுமதித்த பிறகே அது திரையிடப்பட்டது. உங்கள் படம் அரசைக் கேள்வி கேட்பதாக இருந்தால் விலக்குக்கான விண்ணப்பத்தைக் கடைசி நாள்வரை தள்ளிப்போடாதீர்கள்.

படத்தை முதலில் எங்கே காட்ட வேண்டும்?

எடுத்த ஊரில். முதல் திரையிடல் தங்களுடையதாக இருக்க வேண்டும் என்று விழாக்கள் கேட்கும். ஊர்மக்களுக்கு அழைப்பின் பேரில் தனியாகக் காட்டுவதைப் பெரும்பாலான விழாக்கள் எதிர்ப்பதில்லை, முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேட்டுவிட்டால் போதும். கேரளத்தில் நமக்கு இருக்கும் பெரிய வசதி ஊர்தோறும் உள்ள வாசகசாலைகள். 1945இல் பி.என்.பணிக்கர் ஒருங்கிணைத்த நூலக இயக்கத்தின் பயனாக, சின்னச் சின்ன ஊரிலும் ஒரு கூடமும் நாற்காலிகளும் இருக்கின்றன. ஆனால் இங்கே ஒன்றைப் பார்க்க வேண்டும். சாதிக் காரணத்தால் அந்தக் கூடத்துக்கு வரத் தயங்குகிறவர்கள் படத்தில் இருப்பார்களானால், முதல் திரையிடல் அவர்கள் காலனியிலேயே, அவர்கள் சொல்லும் இடத்திலேயே நடக்க வேண்டும்.

கோவிந்தாபுரம் பக்கம் ஒரு திரையிடலில், கூலி பேசும் காட்சி வந்தபோது பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "ஏனுங்க, அந்த ரேட்டு போன வருசத்துது, இப்ப அதுகூடக் கிடையாது" என்று உரக்கச் சொன்னார். அங்கேயே படத்தை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் பேச்சு நடந்தது. எந்த விழாவிலும் அப்படி ஒரு திருத்தம் எனக்குக் கிடைத்ததில்லை. அடுத்த பதிப்பில் அந்தத் தகவலை எழுத்தாகச் சேர்த்தேன்.

சப்டைட்டில் மூன்று மொழிகளிலும் வேண்டும்: படத்தில் தமிழில் பேசும் பகுதிகளுக்கு மலையாளம், மலையாளத்தில் பேசும் பகுதிகளுக்குத் தமிழ், வெளியே அனுப்ப ஆங்கிலம். ஆங்கிலம் மட்டும் போட்டு அனுப்பும் பழக்கத்தால், பொள்ளாச்சியில் இருக்கும் விவசாயிக்குச் சித்தூர் விவசாயி பேசுவது போய்ச் சேருவதே இல்லை.

மிரட்டல் வந்தால் என்ன செய்வது?

வரும். எடுத்ததையெல்லாம் அன்றிரவே இரண்டு பிரதிகளாக்கி, ஒன்றை வேறொரு ஊரில் வையுங்கள். நம்பிக்கையான வழக்கறிஞர் ஒருவரைப் படம் தொடங்கும்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு வரும் ஆபத்தைவிடப் படத்தில் பேசியவருக்கு வரும் ஆபத்து பெரியது. நாம் பஸ் ஏறிப் போய்விடலாம், அவர் மறுநாள் அதே தோட்டத்துக்குத்தான் வேலைக்குப் போக வேண்டும். பேசியதற்காக வேலை போகலாம் என்று அவர் கருதினால், அந்தப் பகுதி எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் படத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். இதில் விவாதத்துக்கு இடமே இல்லை.

குடும்பத்தார் ஏற்றுக்கொள்வார்களா?

என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டால் ஒரே வரியில் சொல்ல முடியாத தொழில் இது. அப்பா, அம்மாவுக்கு மட்டுமல்ல, பெண் கொடுக்க வருகிறவர்களுக்கும் விளக்குவது கடினம். நான் கண்டவரையில், வீட்டாரைத் திரையிடலுக்கு அழைத்துப்போவதைவிட, படப்பிடிப்புக்கு ஒரு நாள் உடன் அழைத்துப்போவது பலன் தருகிறது. இத்தனை பேர் தங்கள் பிள்ளையை நம்பித் தங்கள் வாழ்க்கையைச் சொல்கிறார்கள் என்பதை நேரில் பார்த்த தாயோ தகப்பனோ அதற்குப் பிறகு அந்த வேலையைத் தாழ்வாகப் பேசுவதில்லை. ஆனால் பணக் கவலை அதனால் தீர்ந்துவிடாது; மாதம் ஒரு நிலையான வருமானம் வீட்டில் யாருக்காவது இருக்கும்போது பெரிய படங்களைத் தொடங்குவது நல்லது.

படம் முடிந்த பிறகு, பயன்படுத்தாத பதிவுகளை என்ன செய்வது?

அழிக்கக் கூடாது. ஒன்றரை மணிநேரப் படத்துக்காக எடுத்ததில் மிகப் பெரும்பகுதி படத்துக்கு வெளியில்தான் இருக்கும். அந்த மீதியில் ஊரின் பழைய கிணறுகள், இன்று இல்லாத ஆட்கள், வெட்டப்பட்ட தோப்புகள், யாரும் இப்போது பாடாத நடவுப் பாடல்கள் எல்லாம் இருக்கும். எங்கள் அப்பா பேசினது உங்களிடம் இருக்கிறதாமே என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. நிலத் தகராறிலும் நீர்த் தகராறிலும் பழைய காட்சி சான்றாகவும் பயன்படலாம். ஆகவே கேமரா பதிந்த மூலக்கோப்பை மாற்றாமல், தேதியும் நேரமும் அழியாமல் அப்படியே வைத்திருக்க வேண்டும்.

ஹார்ட் டிஸ்கை அலமாரியில் வைத்துவிட்டு மறந்தால் ஈரத்தாலும் பழுதாலும் அது திறக்காமல் போகும். ஆண்டுக்கு ஒருமுறையாவது ஓடவிட்டுப் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய டிஸ்க்குக்கு மாற்றுங்கள். பழைய DV வீடியோ கேசட்டுகள் வைத்திருப்பவர்கள் அவற்றை ஓட்டும் கருவி கிடைக்கும் காலத்திலேயே மாற்றிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் பேசியவர் பெயர், ஊர், தேதி, பேசிய பொருள், வெளியில் காட்டலாமா கூடாதா என்ற ஐந்தையும் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய ஒரு பட்டியல் இருக்கட்டும். அதன் ஒரு பிரதியை ஊர் வாசகசாலையிலும், தனிப்பட்ட பேச்சுகளின் பிரதிகளை அந்தந்தக் குடும்பத்திடமும் பென் டிரைவில் கொடுத்துவிடுங்கள். 'காட்டக் கூடாது' என்று குறித்தவற்றை மட்டும் வாசகசாலைப் பிரதியில் சேர்க்காதீர்கள்.